பாலோடு ஊர் வழி பஸ்ஸில் வந்த சந்தேகம்: நம் ஊர் பயோடெக் எங்கே சிக்கிக்கொள்கிறது?

புளியரை வாழைக்காரன் | திங்கள், இரவு 9.20

வணக்கம். இங்கே நான் வாழைத்தார் விலையும் மழை நிலவரமும்தான் எழுதுவேன். இன்று வேறு விஷயம்.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பயோடெக்னாலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு கல்லூரியைப் பார்க்கப் போன வாரம் தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் பஸ் ஏறினோம். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை தாண்டிப் பாலோடு வந்ததும், "அப்பா, ஜீவனி மருந்தை இந்த ஊர் தாவரவியல் பூங்காவில்தான் கண்டுபிடித்தார்கள்" என்றாள். இத்தனை வருஷமாக இந்த வழியில் நேந்திரம் ஏற்றி அனுப்புகிறேன், எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் வாசித்தேன். 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு அகத்தியர் மலை ஏறியிருக்கிறது. வழிகாட்ட வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஏதோ ஒரு பழத்தை மென்றபடி களைப்பே இல்லாமல் நடக்கிறார்கள், விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது. இவர்களும் வாங்கித் தின்றதும் தெம்பு வந்ததாம். செடியைக் காட்ட முதலில் தயங்கினார்கள், அப்புறம் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு நிறுவனம் அதை ஆராய்ந்து, அதன் இலையோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி என்று களைப்பு போக்கும் மருந்தாக்கியது. 1990-களின் நடுவில் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷ உரிமம். கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. அவர்களுக்கென்று 1997-ல் ஒரு டிரஸ்ட், 1999-ல் அதன் கணக்கில் சுமார் 5 லட்சம் ரூபாய். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறார்களாம்.

சரி, அந்த ஜீவனி இப்போது எங்கே? செங்கோட்டையிலும் தென்காசியிலும் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டேன். ஒருவர் "டிவியில் வருகிற மருந்தா?" என்றார். இன்னொருவர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆராய்ச்சி நடந்திருக்கிறது, கம்பெனி வந்திருக்கிறது, பங்கும் பிரித்திருக்கிறார்கள். அப்புறமும் சரக்கு கடையில் நிற்கவில்லையே, ஏன்? மகளைச் சேர்க்கலாமா என்பதுதான் என் கேள்வி. ஆனால் இது புரியாமல் அதை முடிவு செய்ய மனசு வரவில்லை.

குமுளி ஏலத்தோட்டம் | திங்கள், இரவு 9.48

அண்ணாச்சி, பேசாமல் நர்சிங் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

எங்கள் இடுக்கி ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சலை மாற்றியது ஞள்ளானி ரகம். அதைக் கொடுத்தவர் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். தோட்டத்தில் நன்றாகக் காய்த்த தூரை அடையாளம் வைத்துப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். மைக்ராஸ்கோப்பும் இல்லை, கொள்கை அறிக்கையும் இல்லை. மலை முழுக்க இன்று அதுதான் நிற்கிறது.

குளத்துப்புழை சிவா | திங்கள், இரவு 10.30

குமுளி அண்ணன் சொல்வது சரி. ஆனால் மலை முழுக்க நிற்கிற செடிக்கு அவருக்கு ராயல்டி வந்ததா? தூரைப் பிடுங்கி வைத்தால் வளரும் செடிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அண்ணாச்சி கேட்டதற்கு என் பங்குக்குச் சொல்கிறேன். தாத்தா இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் காணிப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தேன். அதனால் இந்தக் கதையை மலையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

மென்றது பழம், ஆனால் மருந்துக்கு வேண்டியது இலை. அங்கேதான் வினை. அந்தச் செடி பெரிய மரங்களின் நிழலில், ஈரத்தில், தரையை ஒட்டி வளர்வது. கீழே கொண்டுவந்து வெயிலில் நட்டால் பழைய குணம் வராது என்பார்கள். ஆகவே காட்டுக்குள்ளேயோ காட்டோரத்திலோதான் பயிர் செய்ய வேண்டும். பாலோடு நிறுவனமே சில காணிக் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்து நடவைத்தது. இலை விற்றுக் கொஞ்ச நாள் நல்ல காசு பார்த்தார்கள்.

அப்புறம் வனத்துறை குறுக்கே வந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நட்ட செடியின் இலைக்கும் காட்டுச் செடியின் இலைக்கும் கூடையில் வித்தியாசம் தெரியுமா? விலை ஏறியதும் வெளியாட்கள் மலையேறி வேரோடு பிடுங்கினார்கள். அரிய செடி. அனுமதி இழுத்துக்கொண்டே போனது. கம்பெனிக்கு மூட்டை கணக்கில் இலை வேண்டும், வந்ததோ கைப்பிடி கணக்கில். மருந்தில் ஒரு குற்றமும் இல்லை, இலைதான் இல்லை.

பெரிய படிப்பு படித்தவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. இலையை யார் பறிப்பது, யார் அனுமதிப்பது என்பதை அதிலேயே முடித்திருக்கக் கூடாதா?

பாறசாலை ராணி | செவ்வாய், காலை 7.05

பஸ் வர நேரமிருப்பதால் எழுதுகிறேன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் 11 வருஷமாக வேலை. எது என்று கேட்காதீர்கள்.

சிவா கடைசியாகக் கேட்டதுதான் இந்த இழைக்கே பதில். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், 2010-லிருந்து 2018 வரை நம் மலை ரயில் பாதை இருந்த மாதிரி. செங்கோட்டை வரைக்கும் ரயில் உண்டு, புனலூருக்கு அந்தப் பக்கமும் உண்டு. நடுவில் மலை மட்டும் மூடிக் கிடந்தது. கொல்லத்துக்கு டிக்கெட் எடுத்தவன் செங்கோட்டையில் இறங்கி நிற்பான். எங்கள் துறையில் ஆய்வுக்கூடமும் இருக்கிறது, கம்பெனியும் இருக்கிறது. நடுமலை யார் பொறுப்பு என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

மத்திய அரசு 1982-ல் தேசிய உயிர்த்தொழில்நுட்ப வாரியம் அமைத்தது. 1986-ல் அதுவே தனித் துறையானது. அவ்வளவு சீக்கிரமாகத் தனித் துறை வைத்த நாடுகள் குறைவு. ஆய்வகங்களும் ஆட்களும் பெருகினார்கள். ஆனால் கண்டுபிடிப்பைச் சிறு கம்பெனி கையில் சேர்ப்பதற்கென்று பைராக் என்ற அமைப்பு வந்தது 2012-ல். இருபத்தாறு வருஷம் கழித்து. இப்போது ஒரு யோசனையை நிரூபித்துக் காட்ட 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல திட்டம். ஆனால் 50 லட்சத்தில் மேசையளவு சோதனைதான் முடியும். ஒரு லிட்டர் குடுவையில் நுண்ணுயிர் நன்றாக வளரும். ஆயிரம் லிட்டர் தொட்டியில் அதே நுண்ணுயிர் முரண்டு பிடிக்கும். காற்று சமமாகப் போகாது, சூடு தங்கும், நுரை பொங்கும். ஒரு தொகுதி கெட்டால் மொத்தமும் சாக்கடைக்கு. அதைச் செய்து பார்க்கும் தொட்டியும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் நம்மிடம் குறைவு. பேப்பர் எழுதினால் எனக்குப் பதவி உயர்வு. தொட்டியில் ஆறு மாதம் தோற்றால் எனக்கு என்ன கிடைக்கும்?

எதுவுமே மலையைத் தாண்டவில்லை என்றும் நினைக்காதீர்கள். எங்கள் ஊர் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தின் செயற்கை இதய வால்வு தாண்டியது. டாக்டர் வலியத்தான் குழு செய்த முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதை 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டிடிகே கம்பெனி எடுத்துத் தயாரித்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள். அது ஏன் தாண்டியது? வால்வு செய்கிற ஆய்வகமும் அதைப் பொருத்துகிற ஆஸ்பத்திரியும் ஒரே நிறுவனம். என்ன வேண்டும் என்று கேட்கிறவர் அறுவை செய்கிற டாக்டரே. வாங்குகிறவர் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் இருந்தார். ஜீவனிக்கு இலை கொடுப்பவரே வாசலுக்கு வெளியே நின்றார்.

பஸ் வந்துவிட்டது.

நகரி வேலு | செவ்வாய், மதியம் 1.40

ராணி அக்காவின் ரயில் கணக்கு எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். நான் சித்தூர் எல்லை நகரிக்காரன், வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஐதராபாத் பக்கம் ஒரு தடுப்பூசிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு.

ஐதராபாத் எப்படித் தடுப்பூசி ஊரானது என்று எங்களிடம் கேட்டால் பெரும்பாலோர் சாந்தா பயோடெக்னிக்ஸில் ஆரம்பிப்பார்கள். 1993-ல் வரப்பிரசாத் ரெட்டி தொடங்கியது. அவர் உயிரியல் படித்தவர் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒரு டோஸ் பல நூறு ரூபாய். இங்கேயே செய்யலாம் என்று அவர் கேட்டபோது வங்கிகள் கை விரித்தன. ஓமன் நாட்டு வெளியுறவு அமைச்சராக இருந்தவர் பணம் போட்டார். ஐதராபாத்தில் இருக்கும் அரசின் சிசிஎம்பி ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. 1997-ல் ஊசி வந்தது, விலை 50 ரூபாய் அளவில். வெளிநாட்டு ஊசியும் விலை இறங்கியது. அரசு ஆய்வகம் கதவைத் திறந்துவிட்டது, அன்றைய காப்புரிமைச் சட்டமும் இடம் கொடுத்தது. 1970 சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை தந்தது, மருந்துக்கே தரவில்லை. 2005-ல்தான் அது மாறியது. அந்த முப்பத்தைந்து வருஷத்தில் செய்து செய்து பழகிய கைகள்தான் இன்றைய ஐதராபாத். கொள்கை என்றால் மானியம் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு கதை, இது நம் எல்லைக் கதை. ரோட்டாவேக். குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கான சொட்டு மருந்து. அதன் வைரஸ் 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்தது. வைரஸ் தொற்றியும் அந்தக் குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. டாக்டர் பான் அதைப் பிடித்துக்கொண்டார். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளிடம் கடைசிக் கட்டச் சோதனை. கடும் நோயைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது, முதல் வருஷத்தில் 56 சதவீதம். கேட்கக் குறைவாகத் தெரியும். நோய் லட்சக்கணக்கில் வருகிற நாட்டில் அது பெரிய எண். 2015-ல் வெளியானது. அதாவது முப்பது வருஷம்.

அதைத் தாண்ட வைத்தது எது தெரியுமா? ஒரு டோஸ் ஒரு டாலர் என்று தயாரித்த கம்பெனி முன்பே சொல்லிவிட்டது. வாங்கப்போவது அரசின் தடுப்பூசித் திட்டம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2016-ல் முதல் கட்டமாக நான்கு மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள், ஆந்திரா அதில் ஒன்று. தமிழ்நாட்டுக்கு 2017. சோதனைக்குக் கை நீட்டியது வேலூர்க் குழந்தை, சொட்டு முதலில் விழுந்தது எல்லைக்கு இந்தப் பக்கம் சித்தூர்க் குழந்தை வாயில். வேலூர்க்கார மச்சானிடம் இதைச் சொல்லி இன்றும் கிண்டல் செய்வேன்.

புளியரை வாழைக்காரன் | செவ்வாய், இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறாள்.

நானும் பயோடெக் வாடிக்கையாளன்தான் என்று அவள் சொன்ன பிறகு உறைத்தது. திசு வளர்ப்பு வாழை! நாலு வருஷத்துக்கு முன் ஆயிரத்துச் சொச்சம் கன்று வாங்கினேன். எங்கே என்று வேண்டாம். ஓணத்துக்குத் தார் வெட்டக் கணக்குப் போட்டு நட்டது. நூற்றுக்கு இருபது மரம் தோதாக வரவில்லை. சில குட்டை, சில இலை வெளிறி, சில தாரில் சீப்பே ஒழுங்கில்லை. கேட்டால் "உங்கள் மண் சரியில்லை" என்றார்கள். மண் அதேதான், பக்கத்து வயலில் பக்கக்கன்று வைத்தவருக்கு நன்றாக வந்தது. ஓணம் போச்சு, காசும் போச்சு.

இதற்கு யாரிடம் போவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பாறசாலை ராணி | செவ்வாய், இரவு 9.30

அண்ணாச்சி, அது மண்ணின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு நல்ல தாய்மரத்தின் குருத்து நுனியை எடுத்துப் புட்டியில் வைத்துப் பெருக்குவார்கள். ஒன்று நாலாகும், நாலு பதினாறாகும். ஒவ்வொரு தடவையும் வெட்டி மாற்றும்போது சில செல்களில் மாற்றம் வந்துவிடும். அதனால் எட்டுச் சுற்றோடு நிறுத்திவிட்டுப் புதுக் குருத்து எடுக்க வேண்டும் என்பார்கள். காசுக்கு ஆசைப்பட்டுப் பதினைந்து சுற்று ஓட்டினால் நீங்கள் சொன்ன மாதிரிக் கன்றுதான் வரும். தாய்மரத்தில் முடிக்கொத்து வைரஸ் இருந்தால் இன்னும் மோசம், ஆயிரம் கன்றிலும் இருக்கும்.

இதற்கென்றே 2006-ல் உயிர்த்தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றிதழ் முறை கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற கூடம், வைரஸ் சோதனை, தொகுதிக்கு ஒரு சான்றிதழ். வாங்கும்போது அதைக் கேளுங்கள், பில்லில் தொகுதி எண்ணை எழுதச் சொல்லுங்கள். நல்ல முறைதான். ஆனால் புளியரை விவசாயிக்கு அதை யார் வந்து சொன்னார்கள்?

புளியரை வாழைக்காரன் | செவ்வாய், இரவு 9.41

பில்லா? துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான் தங்கச்சி.

காரையாறு வாத்தியார் | புதன், காலை 6.15

தாமதமாக வருகிறேன், இங்கே சிக்னல் கிடைப்பது அதிகாலையில்தான். மலைக்கு இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே காணிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன்.

டிரஸ்டைப் பற்றி எழுதினீர்கள். அதன் பெயரிலேயே 'கேரள காணி' என்று இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காணிக்காரர்கள் யார்? செங்கோட்டையும் கன்னியாகுமரியும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. கோடு போட்டபோது சொந்தபந்தம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆனது. பெண் கொடுப்பது, எடுப்பது இன்றும் உண்டு. அந்தச் செடி இந்தப் பக்கக் காட்டிலும் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பையனிடம் கேட்டால் காட்டிவிடுவான். (காட்டச் சொல்ல மாட்டேன். இது புலிகள் காப்பகம், எனக்கு எதற்கு வம்பு.) ஆனால் அந்த 5 லட்சத்தில் இந்தப் பக்கத்துக்குப் பங்கு இல்லை.

கேரளப் பக்கத்திலேயே சிக்கல் இருந்தது. வழிகாட்டப் போனவர்கள் ஒரே பஞ்சாயத்துக்காரர்கள். மற்ற பஞ்சாயத்துக் காணிகள் "எங்களைக் கேட்டீர்களா?" என்றார்கள். வைத்தியம் பார்க்கும் பெரியவர்கள் சிலருக்கு, செடியைச் சொன்னதே பிடிக்கவில்லை. அறிவு வழிகாட்டிய சிலருடையதா, ஊருடையதா, இனத்துடையதா? காசைப் பிரிப்பது அதற்குப் பிறகுதானே.

நகரி வேலு | புதன், காலை 9.10

சார், இப்போது இதற்குச் சட்டம் இருக்கிறதே? பல்லுயிர்ச் சட்டம்?

பாறசாலை ராணி | புதன், மதியம் 1.15

இருக்கிறது வேலு. ஜீவனிப் பங்கு பிரித்தபோது அது இல்லை. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் புஷ்பாங்கதன் குழு தானாகச் செய்தது அது. குறைகளைப் பேசும்போது இதையும் மறக்கக் கூடாது. 1992-ல் ரியோவில் உலக நாடுகள் பல்லுயிர் உடன்படிக்கை செய்தன. நம் சட்டம் 2002-ல் வந்தது. தேசிய பல்லுயிர் ஆணையம் 2003-லிருந்து சென்னையில் இருக்கிறது. இன்று யாராவது காட்டுச் செடியை எடுத்து மருந்து செய்தால் அனுமதி, பங்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். இந்தியக் கம்பெனிக்கு இது பொருந்தாது என்று ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. பொருந்தும் என்று 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏட்டில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தினால் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு. ஆயுர்வேத, சித்த நூல்களில் இருப்பதெல்லாம் அதில் வரும். தொழில் வளர வேண்டும் என்பது அவர்கள் வாதம், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு அனுமதிக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து மூடிய சிறு கம்பெனி எனக்கே தெரியும். காணிக்காரர் அறிவு ஏட்டில் இல்லை, வாயில் இருக்கிறது. ஆகவே அதற்குப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆனால் நாளைக்கு ஒருவர் அதைப் புத்தகமாக எழுதிவிட்டால் அது 'எழுதப்பட்ட அறிவு' ஆகிவிடுமா என்று எங்கள் கேன்டீனில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

வாத்தியார் கேட்ட கோட்டுக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. மாநிலத்துக்கு ஒரு பல்லுயிர் வாரியம், பஞ்சாயத்துக்கு ஒரு குழு என்றுதான் சட்டம் பிரிக்கிறது. மலை அப்படிப் பிரியவில்லை.

குளத்துப்புழை சிவா | புதன், மாலை 6.50

மாநிலம் என்றதும் ரப்பர் ஞாபகம் வருகிறது. கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் மரபணு மாற்றிய ரப்பர் கன்று செய்தது. வறட்சியையும் குளிரையும் தாங்க, ரப்பரின் சொந்த மரபணு ஒன்றையே கூடுதலாகச் சேர்த்தது. கேரளாவில் வயல் சோதனைக்கு மாநில அரசு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2021 ஜூனில் அசாமில், குவாஹாத்தி பக்கத்தில் நட்டார்கள். பிறந்தது கோட்டயத்தில், வளர்வது அசாமில். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததுகூட இல்லை. மறுத்தது சரியா தப்பா என்பது வேறு. சோதித்துப் பார்க்கவே கூடாது என்றால் எதை வைத்து முடிவு செய்வது?

குமுளி ஏலத்தோட்டம் | புதன், இரவு 7.20

சோதனை என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் விதை அவர்கள் கையில். 2002-ல் புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பிடி பருத்தி வந்தது. இன்றைக்கு வேறு பருத்தி விதையைத் தேடித்தான் பாருங்கள். பிடி கத்தரிக்காயை 2010-ல் நிறுத்திவைத்தது நல்லதுதான்.

நகரி வேலு | புதன், இரவு 7.45

அண்ணா, இப்போது மரபணுத் திருத்தம் என்று ஒன்று வந்திருக்கிறது. அது வேறு, மரபணு மாற்றம் வேறு. நீங்கள் சாப்பிடுகிற ஆந்திரா பொன்னி, அதான் பிபிடி 5204, அதையே ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் திருத்தி டிஆர்ஆர் தான் 100 என்று 2025 மே மாதம் அறிவித்தது. வேற்று உயிரின் மரபணு அதில் இல்லை. இருபது நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும் என்கிறார்கள். ஆனால் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கத்தரிக்கோல் நுட்பத்தின் மூலக் காப்புரிமை வெளிநாட்டுக்காரர்களிடம். விதையை விற்கும்போது அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். மறுபடியும் நடுமலைதான்.

மட்டுறுத்துநர் | புதன், இரவு 8.00

மரபணு மாற்றப் பயிர் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஏற்கனவே 340 பதிவுகள் கொண்ட இழை இருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே தலைப்பு வேறு.

குமுளி ஏலத்தோட்டம் | புதன், இரவு 8.12

போய்விட்டேன். போகும்முன் ஒன்று. இந்தியாவின் உயிரிப் பொருளாதாரம், அதாவது உயிர்த்தொழில்நுட்பத்தால் வரும் மொத்த மதிப்பு, 2024-ல் 165 பில்லியன் டாலர், 2030-ல் 300 பில்லியன் என்று அரசு அறிக்கை. பெரிய எண். பிரித்துப் பார்த்தால் பெட்ரோலில் கலக்கிற எத்தனாலும் அதில் சேர்த்தி. சர்க்கரை ஆலைக்காரரும் பயோடெக்காரர்தான்! அண்ணாச்சி, அந்த எண்ணைப் பார்த்துப் பெண்ணைச் சேர்க்காதீர்கள்.

பாறசாலை ராணி | புதன், இரவு 9.05

குமுளி அண்ணனோடு இதில் மட்டும் ஒத்துப்போகிறேன். நாடு மொத்தமாக ஆராய்ச்சிக்குச் செலவழித்தது 2020-21 கணக்கில் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். அதைப் பார்த்துவிட்டு 300 பில்லியனைப் பாருங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் பயோ-ஈ3 என்ற பயோடெக் கொள்கையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உற்பத்தியைப் பற்றி நேராகப் பேசுகிறது. பலரும் பொதுவாகப் பயன்படுத்தத் தொட்டிகளும் கருவிகளும் வைத்த மையங்கள் அமைப்போம் என்கிறது. நான் அழுத தொட்டி அதுதான். வந்தால் நல்லது. காகிதத்தில் நிறைய தொட்டி பார்த்துவிட்டேன்.

நகரி வேலு | புதன், இரவு 9.40

அண்ணா, படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வெறும் பயோடெக் பி.டெக். முடித்து வருகிறவர்களுக்கு எங்கள் கம்பெனியில் நேராக வேலை கிடைப்பது கஷ்டம். ஆய்வுக்கு என்றால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். பத்து வருஷம் பொறுமை வேண்டும், வீட்டில் காசும் வேண்டும். ஆனால் ஆள் கிடைக்காத இடங்கள் உண்டு. நொதித்தல் தொட்டி ஓட்டுகிறவர், தர ஆவணம் எழுதுகிறவர், அனுமதி விண்ணப்பத்தைப் புரிந்து தயாரிக்கிறவர், மரபணுத் தரவைப் படிக்கக் கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தவர். கல்லூரியில் இதையெல்லாம் சொல்லித்தருகிறார்களா, ஒரு மாதமாவது தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். விழித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

புளியரை வாழைக்காரன் | வியாழன், இரவு 9.15

நேற்றே எழுத நினைத்தேன், தார் லோடு ஏற்ற வேண்டியிருந்தது.

மகளிடம் காட்டினேன். போன வாரம் பார்த்த கல்லூரிக்குப் போன் செய்து "தொட்டி எத்தனை லிட்டர்?" என்று அவளே கேட்டாள். அந்தப் பக்கம் ஒருவர் "தண்ணீர்த் தொட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கல்லூரி பட்டியலிலிருந்து போயாச்சு. இன்னும் இரண்டு இருக்கின்றன.

அவள் வாத்தியாருக்கு ஒரு கேள்வி எழுதச் சொன்னாள். கீழே கொண்டுவந்தால் செடியின் குணம் போய்விடும் என்கிறார்களே, அதற்குக் காரணம் நிழலா, மண்ணா, வேரோடு வாழ்கிற ஏதாவது பூஞ்சையா? காட்டைத் தொடாமல் அந்தக் குணத்தைக் கீழே கொண்டுவர முடிந்தால் வனத்துறைச் சண்டையே வராதே என்கிறாள். எனக்குப் பாதி புரிந்தது.

காரையாறு வாத்தியார் | வெள்ளி, காலை 6.05

எனக்கும் பாதிதான் தெரியும் அண்ணாச்சி. ஆனால் செடி கீழே வந்து நன்றாக வளர்ந்துவிட்டால், மலையில் இலை பறிக்கிறவர்களுக்கு அப்புறம் என்ன வேலை என்று பாப்பாவைக் கேளுங்கள். பங்கை எந்த இலைக்குக் கணக்குப் போடுவது என்றும் கேளுங்கள்.

புளியரை வாழைக்காரன் | வெள்ளி, காலை 6.40

கேட்டேன். "அதையும் ஒப்பந்தத்தில் எழுதணும்" என்கிறாள்.

குளத்துப்புழை சிவா | வெள்ளி, காலை 8.20

அண்ணாச்சி, அடுத்து எப்போது திருவனந்தபுரம் போகிறீர்கள்? போகிற வழியில் பாலோட்டில் இறங்கிப் பூங்காவைப் பாப்பாவுக்குக் காட்டிவிடுங்கள். குளத்துப்புழையில் நானும் ஏறிக்கொள்கிறேன். காலை பஸ் புளியரைக்கு எத்தனை மணிக்கு வரும்?